ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை: ஒரு தாதிய மாணவிக்குப் பதில்

கொழும்பில் அரச வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி பெறும் தாதிய மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். அடையாளம் தெரியாதிருக்க வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வயது 22. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறார். கடிதம் எழுதுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் வார்ட்டில் நான்காம் கட்டிலில் இருந்த வயதான ஐயா ஒருவருக்கு இன்சுலின் போட்டிருக்கிறார். ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது அது இடதுகை விரலில் குத்திவிட்டது. விரலைப் பிழிந்து இரத்தம் எடுத்து, எரிய எரிய ஸ்பிரிட் ஊற்றியிருக்கிறார். பக்கத்தில் நின்ற சீனியர், "அந்த ஐயாவுக்கு ஒன்றும் இருக்காது, பெரிதுபடுத்தாதே" என்றாராம். சொன்னால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. அன்றிலிருந்து இரண்டு சோடி கிளவுஸ் போட்டுக்கொண்டு ஷிஃப்ட் முடியும்வரை கழற்றுவதில்லை. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இருக்கும் பதினோராம் கட்டில் பக்கம் போகவே கை நடுங்குகிறதாம். வீட்டில் சித்தி கைக்குழந்தையைத் தூக்க விடுவதில்லை. இவருக்கென்று தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைத்துவிட்டார். அம்மா ஊருக்கே திரும்பி வரச் சொல்கிறார். "வெள்ளவத்தையில் ஒரு லேபில் இரகசியமாக இரத்தம் சோதித்துக்கொண்டால் போதாதா? இல்லை, படிப்பையே விட்டுவிடவா?" என்று கேட்கிறார்.

மகள், உங்கள் கடிதத்தை வாசித்த உடனேயே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்: "நாளைக்கே தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போய்ச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்." பதில் வரவில்லை. இன்னும் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போய்விட்டீர்கள் என்றால் அடுத்த இரண்டு பகுதிகளையும் தாண்டிக் கட்டில்கள் பற்றிய பகுதிக்கு வாருங்கள்.

முதலில் ஊசி

பயத்தின் அளவு சரியாக இருந்தால்தான் யோசிக்க முடியும். அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவரைக் குத்தினால், தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் 3. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி என்றால் நூற்றுக்கு 2க்கும் குறைவு. ஹெப்படைட்டிஸ் பி அப்படியல்ல, தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை போகும். இவையெல்லாம் அந்த நோயாளிக்கு அந்தக் கிருமி இருந்தால் மட்டும். ஐயாவுக்கு எதுவும் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களைக் குத்தியதும் தோலுக்கடியில் போட்ட மெல்லிய ஊசிதான். இரத்த நாளத்துக்குள் இருந்த, இரத்தம் தெரிகிற ஊசி என்றால் ஆபத்து இதைவிடக் கூட.

ஆகவே நீங்கள் இரவில் அழும் அளவுக்கு இது பயங்கரம் அல்ல. சீனியர் சொன்ன மாதிரி ஒன்றுமே இல்லாததும் அல்ல. ஊசி குத்தினால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பிழிவதால் கிருமி வெளியே வந்துவிடாது. ஸ்பிரிட்டும் டெட்டோலும் சதையைப் புண்ணாக்குவதைத் தவிர வேறு நன்மை செய்வதில்லை. கழுவியவுடன் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில சிகிச்சைகளுக்கு மணிக்கணக்கு உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தவரை கெதியாக, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி-க்கான இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்புச் சக்தி ஊசி) தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. அதன் எல்லை ஏழு நாள்.

இந்த இரண்டு கதவும் மூடிவிட்டன. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் "பிந்திவிட்டது, இனிச் சொல்லி என்ன பயன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிழை. அந்த ஐயாவின் சம்மதத்துடன் அவருடைய இரத்தத்தை இப்போதும் சோதிக்கலாம். அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் உங்கள் பயத்தின் பெரும்பகுதி அன்றைக்கே முடிந்துவிடும். வெள்ளவத்தை லேபால் இதைச் செய்து தர முடியாது.

லேபில் செய்யும் சோதனை வேறு வகையிலும் ஏமாற்றும். தொற்று ஏற்பட்டிருந்தாலும் சில வாரங்கள் சோதனையில் தெரியாது. இப்போது 'இல்லை' என்று வரும் முடிவுக்கு நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம் கிடையாது. ஊசி குத்துவதற்கு முன் உங்களிடம் அந்த நோய் இருக்கவில்லை என்பதற்குத்தான் அது சான்று. அந்தச் சான்று வைத்தியசாலைப் பதிவில் இருந்தால்தான் பின்னால் ஏதாவது வந்தாலும் வேலையில் வந்தது என்று நீங்கள் வாதிட முடியும். அதற்குப் பிறகு 6 வாரத்திலும் 3 மாதத்திலும் மறுபடி சோதிப்பார்கள், ஹெப்படைட்டிஸ் சி-க்கு 6 மாதம் வரைகூடப் பார்ப்பார்கள். அதுவரை இரத்ததானம் வேண்டாம். போயா நாள் முகாமுக்கு தோழிகள் கூப்பிட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: பயிற்சியில் சேர்ந்தபோது இரண்டு ஊசி போட்டார்கள், மூன்றாவது ஊசி போடும் நாளில் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் மூன்று முறை போடுவார்கள். விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து மூன்றாவதைப் போட்டால் போதும். இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அளவு 10க்கு மேல் இருந்தால் இந்தக் கிருமியைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல்தான் சேர்ந்து படிப்படியாக விரிந்தது. நீங்கள் பிறந்த காலமும் அதுவே. சின்ன வயதில் போட்டார்களா இல்லையா என்பதை அம்மாவிடமுள்ள குழந்தை வளர்ச்சிப் பதிவேட்டில் பார்க்கலாம்.

யாரிடம் சொல்வது

வார்ட் சிஸ்டரிடம் சொல்வதுதான் முறை. அவர் ஏசுவார் என்று பயமாக இருந்தால் நேரே தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தரிடம் போங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் அப்படி ஒருவர் இருப்பார், ஊசி குத்திய சம்பவங்களைப் பதிவதும் பின்தொடர்வதும் அவருடைய வேலை. ஓய்வு பெறும்வரை நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். ஊசி குத்தியது என்பதற்காக ஒரு மாணவியை நிறுத்தியதை நான் கண்டதில்லை. ஏச்சு விழுந்ததைக் கண்டிருக்கிறேன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்து நிமிட ஏச்சு.

சிங்களத்தில் விளக்கமாகச் சொல்ல வராது என்று தயங்குகிறீர்கள். "நீடில் பிரிக்" என்று சொல்லி விரலைக் காட்டினால் போதும், எந்த வார்ட்டிலும் விளங்கும். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். வைத்தியசாலைக்குள் யாரிடமும் வாய் திறக்கவே முடியாது என்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய் மற்றும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போகலாம். பணம் வாங்க மாட்டார்கள், இரகசியமும் காப்பார்கள். இது இரண்டாவது வழிதான், ஆனாலும் லேபைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் கட்டிலும் பதினோராம் கட்டிலும்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பதினோராம் கட்டிலுக்குப் போகும்போது இரட்டைக் கிளவுஸ், மாஸ்க், முழுக் கவனம். நான்காம் கட்டிலில் வெள்ளை வேட்டி கட்டிய, உங்களை "மகள்" என்று கூப்பிடுகிற ஐயா. அங்கே ஊசிக்கு மூடி போட்டீர்கள். ஊசி குத்தியது எங்கே என்று பாருங்கள்.

காலி வீதியைக் கடக்கும்போது பஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டோவைப் பார்க்காமல் கால் வைக்கிற மாதிரி இது. பதினோராம் கட்டில்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் மருந்து எடுக்கிறார். ஒழுங்காக மருந்து எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுவதும் உண்டு. தனக்குத் தொற்று இருப்பதே தெரியாத ஒருவர், நோயாளியின் விவரம் எழுதும் பெட் ஹெட் டிக்கெட்டில் எதுவும் எழுதாமல், வேறு ஏதோ நோய்க்காக வேறொரு கட்டிலில் படுத்திருக்கலாம். அவரை முகத்தை வைத்தோ வயதை வைத்தோ சாதி சனத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது.

இதை மருத்துவ உலகம் 1980களில் எய்ட்ஸ் வந்தபோது கற்றுக்கொண்டது. யாரிடம் தொற்று இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் பிந்திவிடும். எல்லாருடைய இரத்தத்திலும் உடல் திரவத்திலும் தொற்று இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். 1996இலிருந்து பாடப்புத்தகங்களில் 'நியம முற்காப்பு' என்று நீங்கள் படிப்பது இதுதான். அதில் நோயாளி யார் என்ற கேள்விக்கு இடமில்லை. இப்போது என்ன செய்யப் போகிறேன், எங்கே இரத்தமோ சளியோ மலமோ படும் என்பதுதான் கேள்வி. பதினோராம் கட்டில்காரருக்கு நாடி பார்க்கக் கிளவுஸ் வேண்டாம். நான்காம் கட்டில் ஐயாவின் இரத்தம் படிந்த விரிப்பை மாற்றக் கிளவுஸ் வேண்டும்.

மூடி போடும் விஷயத்துக்கு வருகிறேன். பாவித்த ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் பெட்டி வார்ட்டின் மறுமூலையில் இருக்கிறது, அவ்வளவு தூரம் திறந்த ஊசியோடு நடக்கப் பயந்துதான் மூடினேன் என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தீர்வு மூடியில் இல்லை. பெட்டியை ட்ரொலியில் வைத்துக் கட்டிலடிக்குக் கொண்டுபோங்கள். ட்ரொலி இல்லையா, கிட்னி ட்ரேயில் ஊசியைப் போட்டு எடுத்துப் போங்கள். போட்டவர் கையாலேயே அது பெட்டிக்குள் போக வேண்டும், இன்னொருவர் கைக்கு மாறக் கூடாது. பெட்டி முக்கால்வாசி நிறைந்தால் மாற்றச் சொல்லுங்கள். நிறைந்த பெட்டியில் அமுக்கித் திணிப்பவர்களுக்கும், அதைத் தூக்கிக்கொண்டு போகிற சிற்றூழியர்களுக்கும் குத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குத்தினால் சொல்லக்கூட வருவதில்லை.

கழற்றாத கிளவுஸ்

இதில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ஷிஃப்ட் முழுக்க ஒரே கிளவுஸில் இருப்பது பாதுகாப்பு அல்ல. ஆறாம் கட்டில்காரரின் புண்ணைத் தொட்ட கிளவுஸால் ஏழாம் கட்டில்காரரின் சலைன் இணைப்பைத் தொடுகிறீர்கள். நடுவில் கிளவுஸ் மேல் ஹேண்ட்ரப், அதாவது அற்ககோல் கைத் திரவம், பூசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பரிசோதனைக்குப் போடும் கிளவுஸ் அதற்காகச் செய்ததல்ல, இறப்பர் பழுதாகும். கண்ணுக்குத் தெரியாத துளைகளும் இருக்கும், கழற்றும்போது கையும் அழுக்காகும். அதனால்தான் கழற்றியவுடன் கை சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. நோயாளியைத் தொடுமுன், ஊசி போடுவது அல்லது புண் கட்டுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டில், லொக்கர், திரைச்சீலை போன்றவற்றைத் தொட்டபின். பரீட்சைக்கு எல்லாரும் மனனம் செய்து வைத்திருப்பார்கள். முதல் இரண்டும் நோயாளியைக் காப்பாற்ற இருக்கின்றன என்பதுதான் வார்ட்டில் மறந்துபோகிறது. மதியம் சாப்பிடப் போகுமுன் நன்றாகக் கழுவுகிற மாணவிகள், கட்டிலுக்குப் போகுமுன் கழுவுவதில்லை.

இந்த விஷயம் தொடங்கிய கதையும் மாணவர்களைப் பற்றியதுதான். வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் இருந்த பிரிவில் தாய்மார் அதிகமாக இறந்தார்கள், மருத்துவிச்சிகள் இருந்த பிரிவில் குறைவு. பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே வந்த மாணவர்களின் கைகள்தான் காரணம் என்று அங்கிருந்த வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 அளவில் இருந்த இறப்பு, சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கியது. இன்றும் நிலைமை முழுக்க மாறவில்லை. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் வைத்தியசாலையில் சேரும் நூறு பேரில் சுமார் 15 பேருக்கு அங்கேயே ஒரு புதிய தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

கை வெடித்து இரத்தம் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டெட்டோலில் கை கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெடித்த தோலில் கிருமி இன்னும் வசதியாகத் தங்கும். கையில் அழுக்குத் தெரியாவிட்டால் ஹேண்ட்ரப் போதும், 20 முதல் 30 விநாடி. அதில் கிளிசரின் சேர்ந்திருப்பதால் அடிக்கடி சவர்க்காரம் போடுவதைவிடக் கைக்கு நல்லது. இரத்தம், மலம் பட்டாலோ, வயிற்றோட்டமுள்ள நோயாளியைப் பார்த்தாலோ சவர்க்காரமும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. அப்புறம் ஈரம் ஒற்றி எடுங்கள். இரவில் ஏதாவது கிறீம் பூசுங்கள். ஆறாவிட்டால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மணிக்கட்டில் கோயில் நூல் கட்டியிருப்பதைக் கழற்றச் சொன்னார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பிரித் நூல் கட்டிய சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே மனவருத்தம்தான். நூல் நனைந்து நனைந்து கிருமி தங்கும், அதற்கடியில் கையும் சுத்தமாகாது. மோதிரம், மணிக்கூடு, நீண்ட நகம் எல்லாம் அப்படியே. நூலை மேற்கையில் சட்டைக்குள் இருக்கக் கட்டிக்கொள்ளுங்கள்.

சித்தியின் தனிக் கோப்பை

ஊசி குத்தியது சித்திக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தட்டும் கோப்பையும் பிரிக்கக் காரணம் இல்லை. நான் மேலே சொன்ன மூன்று கிருமியும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கோப்பை பகிர்வதாலோ குழந்தையைத் தூக்குவதாலோ தொற்றாது. அவர் பயப்படுவது பொதுவாக 'ஆஸ்பத்திரிக் கிருமி'க்கு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள்.

யூனிஃபோர்மை வைத்தியசாலையிலேயே மாற்றி, பையில் போட்டுக் கொண்டுவந்து வழக்கமான சவர்க்காரத்தூளில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, சூடாக அயன் பண்ணினால் போதும். வீட்டுக்கு வந்ததும் கை கழுவுங்கள். குழந்தையைத் தொடுமுன் தலை முழுக வேண்டியதில்லை. உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ வயிற்றோட்டமோ இருந்தால் அன்றைக்கு நீங்களாகவே குழந்தையிடமிருந்து விலகி இருங்கள். சித்தியிடம் அதைச் சொல்லி வையுங்கள், "வருத்தம் என்றால் நானே கிட்ட வர மாட்டேன்" என்று. விளக்கத்தைவிட அந்த வாக்குறுதிதான் அவரிடம் வேலை செய்யும்.

காசநோய், சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியவை காற்றில் பரவுவன. அப்படியான நோயாளி இருந்தால் சாதாரண முகக்கவசம் உங்களுக்குக் காணாது, என்-95 கேளுங்கள். சிறுவயதில் கொப்புளிப்பான் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். வராவிட்டால் அதையும் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சொல்ல வேண்டும்.

படிப்பை விடுவதா

தாதியத்தில் உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் விடலாம், அதில் குற்றமில்லை. ஆனால் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதச் சோதனை முடிவு வரும்வரை விலகல் கடிதம் எழுத வேண்டாம். அதற்குள் அம்மாவிடம் ஊசி விஷயத்தைச் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். ஐயாவின் முடிவு கைக்கு வந்தபின் சொன்னால் அவருக்கும் உங்களுக்கும் ஒரு வாரத் தூக்கம் மிச்சம் என்பது என் எண்ணம்.

அந்த சீனியர் மேல் கோபப்பட்டு முறைப்பாடு செய்யவும் தேவையில்லை. அவருக்குக் குத்தியபோது யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவருடைய மூன்றாவது தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

போகும்போது தடுப்பூசி அட்டை, ஊசி குத்திய திகதியும் நேரமும், ஐயாவின் கட்டில் எண்ணும் பெட் ஹெட் டிக்கெட் எண்ணும், என்ன ஊசி, எவ்வளவு ஆழம், கிளவுஸ் போட்டிருந்தீர்களா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஐயா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாலும் அவருடைய பதிவை வைத்துத் தேட முடியும், ஆனால் நாள் போகப் போகக் கஷ்டம். காலை ஷிஃப்ட் என்றால் வார்ட் ரவுண்ட் முடிந்த கையோடு போங்கள்.